341 மி.மீ. மழை உலகச் சாதனையா?

"2015 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரே நாளில் 341 மி.மீ. மழை. உலகச் சாதனை! லண்டனே மூழ்கியது!" என்ற செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அந்த எண் சரி. உலகச் சாதனை என்பதும் லண்டன் மூழ்கியது என்பதும் தவறு.

மழை கொட்டியது லண்டனில் இல்லை. வடமேற்கே கும்ப்ரியா மலைப்பகுதியில், ஹோனிஸ்டர் கணவாயில். டெஸ்மண்ட் புயல் அட்லாண்டிக்கிலிருந்து இழுத்துவந்த ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறி, டிசம்பர் 5 மாலை வரையான 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பெய்தது. கார்லைல் நகரத்துத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. பூலி பிரிட்ஜ் ஊரில் 250 ஆண்டுப் பழைய கல்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அந்த 341.4 மி.மீ. பிரிட்டனின் சாதனை, அவ்வளவுதான்.

உலகச் சாதனை, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில், 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பதிவான 1,825 மி.மீ. ஏன், அதே 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நம் தாம்பரத்திலேயே ஒரே நாளில் 49 செ.மீ., அதாவது 490 மி.மீ. பெய்ததே! அந்த இரவை மறந்தவர் சென்னையில் யார்?

ஆனாலும், 2015 டிசம்பர் பிரிட்டனில் 1910-க்குப் பின் பதிவானவற்றில் அதுவரை இல்லாத அளவு மழையும் வெதுவெதுப்பும் கொண்ட டிசம்பர் என்பது உண்மைதான்.

பிரிட்டன் வானிலைத் துறையின் தளத்திலும் உலக வானிலை அமைப்பின் சாதனைப் பட்டியலிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் சரியான எண்களைச் சொல்லுங்கள்.