டப்பாம்பூச்சி எந்த வீடியோவிலயும் இல்ல

லீவு முடிய இன்னும் ரெண்டே நாள். ஷூவைப் போட்டுப் பாருங்கன்னு ரெண்டு பேரையும் உக்கார வச்சேன். சின்னவனுக்குக் கட்டைவிரல் முன்னாடி முட்டுது. பெரியவளுக்குக் குதிகால் உள்ளயே போகல. லீவு தொடங்குறப்ப கச்சிதமா இருந்த ஷூ அது. அவ ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு கத்த, அவன் அதைப் பாத்து உருண்டு உருண்டு சிரிக்க, ஆகா, இதை எடுத்துடணும்னு போனைத் தூக்கினேன். "இடம் போதவில்லை"ன்னு காட்டுது. அப்ப ஏறின கடுப்பு இதை எழுதுற வரைக்கும் இறங்கல. அதனாலதான் எழுதறேன்.

3,846. இந்த ஒரு கோடை லீவுல என் போன்ல மட்டும் சேர்ந்த படமும் வீடியோவும். அதுல வீடியோ 214. அவர் போன், மாமியார் போன், நாத்தனார் போன்ல இருக்கறதெல்லாம் தனிக்கணக்கு. இத்தனைக்கும் நாங்க உலகம் சுத்தல. ஒரு ஏரிக்கரை, நாலு சொந்தக்காரங்க வீடு, மிச்சமெல்லாம் வீட்டு வாசல். அதுக்கே இவ்வளவு.

அப்படி என்னத்தை எடுத்துத் தள்ளியிருக்கோம்னு பாத்தா, ஏரியில அவன் கல்லு எறியற படம் மட்டும் 14. பதினாலும் ஒரே படம். பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டா என் போன் வினாடிக்குப் பத்துன்னு சுட்டுத் தள்ளும், விரலை எடுக்க மறந்துட்டேன் போல. சரி, பதினாலு இருக்கே, கல்லு தண்ணியில விழறது ஒண்ணுலயாவது இருக்கணுமே? இல்ல. பதினாலுலயும் கல்லு கையிலயே இருக்கு.

வேண்டாததை அழிச்சா ஆச்சு, இதுக்குப் போய் ஏன் கத்தறன்னு இவர் போனை வாங்கினார். முக்கால் மணி நேரம் உக்காந்து 900 படம் அழிச்சார். இடம் ஒரு துளி கூடல. அழிச்சதெல்லாம் எங்கயும் போகல, "சமீபத்தில் அழித்தவை"க்குள்ள போய்க் குந்திக்கிச்சு. அங்க 30 நாள் இருக்குமாம், அங்கயும் போய் அழிச்சாதான் இடம் வருமாம். "இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?"ன்னு என் மேல பாயறார். ஏங்க, நான் என்ன போன் கம்பெனியா நடத்தறேன்?

நாத்தனார் கதை வேற. அவங்க எடுத்தது நல்லாத்தான் இருக்கும், குறை சொல்லல. ஆனா லீவு பூரா எடுத்ததைச் சேத்து வச்சு, போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரே மூச்சுல 212 படத்தை வாட்ஸ்அப்புல தட்டிவிட்டாங்க. அப்படிச் சாதாரணமா அனுப்பினா எடுத்த தேதி அதோட வராது. அதனால லீவோட முதல் வாரத்துல ஏரிக்குப் போனது என் போன்ல போன ஞாயிறு நடந்திருக்கு. அதே ராத்திரி நாங்க நாலு வீட்டுக்கும் விருந்தாளியா போயிருக்கோம், சின்னவனுக்கு முடி வெட்டியாச்சு, அடுத்த படத்துல முடி திரும்ப முளைச்சிடுச்சு. டாக்குமெண்டா அனுப்புங்க, தேதியோட வரும்னு சொன்னேன். "இதுல என்னம்மா டாக்குமெண்ட், பத்திரமா பதியப் போறோம்?"னு கேட்டாங்க. விட்டுட்டேன்.

இதெல்லாம் கூடப் பரவால்லங்க. இடம் இல்ல, தேதி இல்ல, போகட்டும். என் வயித்தெரிச்சல் வேற.

சின்னவனுக்கு நாலு வயசு. லீவு தொடங்குறப்ப அவனுக்குப் பட்டாம்பூச்சின்னு சொல்ல வராது. "டப்பாம்பூச்சி"ம்பான். ரெண்டு எழுத்தை இடம் மாத்திப் போட்டதுல அந்தப் பூச்சியே டப்பாவுக்குள்ள போயிடுச்சு. அவன் அதை வெறும் பேராவும் சொல்ல மாட்டான். ஒரு ரகசியம் மாதிரி, கண்ணை விரிச்சுக்கிட்டு, "ம்மா... டப்பாம்பூச்சி..."ன்னு கடைசியில இழுப்பான். அந்த இழுவைக்காகவே தினம் ரெண்டு தடவை வாசல்ல கூட்டிட்டுப் போய் நிப்பேன்.

போன வாரம் துணி காயப்போடறேன். பக்கத்துல வந்து நின்னவன் கையை நீட்டி, "அம்மா, பட்டாம்பூச்சி"ன்னான். சுத்தமா. செய்தி வாசிக்கிற மாதிரி. அக்காதான் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாளாம். ஸ்கூலுக்குப் போனா மத்த புள்ளைங்க சிரிக்கும்னு அவளுக்குக் கவலை. அவளை என்னன்னு திட்டறது? நல்லதுதான் பண்ணியிருக்கா. ஆனா எனக்கு ஈரத்துணியை அப்படியே கீழ போட்டுட்டு உக்காரணும் போல இருந்துச்சு.

சரி, போனா போகுது, வீடியோவுல இருக்குமே. 214 இருக்கே. ஒண்ணுலயாவது இல்லாமலா போயிடும்?

ரெண்டு ராத்திரி உக்காந்து 214-ஐயும் கேட்டேன். ஹெட்போன் மாட்டிக்கிட்டு. பாக்கல, கேட்டேன். இந்த வேலையை நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. படத்தைப் பாக்காம சத்தத்தை மட்டும் கேளுங்க.

"இங்க பாரு. இங்க பாருடா. அங்க இல்ல, இங்க. சிரி. நல்லா சிரி. பல்லு தெரிய. ஏய், அக்கா மேல கைய போடு. போடுடி. கைய எடு முகத்துல இருந்து. திரும்பு. மறுபடி ஓடி வா. இல்ல இல்ல, முதல்ல இருந்து ஓடி வா. இங்க பாரு."

இதுதான். 214 வீடியோவுலயும் இதுதான். யார் குரல்? என் குரல். நடுநடுவுல இவர் குரல், பின்னாடி மாமியார் "புள்ளைய ஏன் இப்படிப் படுத்தறீங்க"ன்னு சொல்றது. அந்த வீட்டுல ஒருத்தராவது நியாயம் பேசியிருக்காங்க, அதுவும் பதிவாகியிருக்கு. போன் என் கையில இருக்கு, மைக்குக்குப் பக்கத்துல என் வாய் இருக்கு. பத்தடி தள்ளி நிக்கற புள்ளை சொல்றது எப்படிக் கேக்கும்? என் அதட்டல்தான் துல்லியமா கேக்குது. மிச்சத்துல பாதிக்கு நாத்தனார் பொண்ணு அழகா பாட்டுப் போட்டு அனுப்பிட்டா. பாட்டு ஏறின வீடியோவுல அந்த இடத்துச் சத்தம் மொத்தமா போச்சு. அவன் வாயைத் திறந்து ஏதோ ஆவேசமா சொல்றான், பின்னாடி புல்லாங்குழல் ஓடுது.

இதைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. 2014-ல லிண்டா ஹென்கெல்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியை வெளியிட்டது முதல்ல கண்ணுல பட்டுச்சு. மாணவர்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய், சில பொருளைச் சும்மா பாக்கச் சொன்னாங்க, சிலதைப் படம் எடுக்கச் சொன்னாங்க. மறுநாள் கேட்டா, படம் எடுத்த பொருள்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சாம். ஜூம் பண்ணி ஏதாவது ஒரு பகுதியை எடுத்திருந்தா மட்டும் அந்தக் குறை இல்ல. இதைப் படிச்சப்ப எனக்கு அவ்வளவா உறைக்கல. 2017-ல அலிக்ஸாண்ட்ரா பராஷும் கூட மூணு பேரும் சேந்து செஞ்சதுதான் நெஞ்சுல குத்துச்சு. தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்துக்கிட்டு சுத்தினவங்களுக்குக் கண்ணால பாத்தது நல்லாவே ஞாபகம் இருந்துச்சாம். காதால கேட்டதுதான், படமே எடுக்காதவங்களை விடக் குறைஞ்சு போச்சாம்.

என்னையே எடுத்துக்கோங்க. ஏரிக்கரையில அவன் போட்டிருந்த சட்டை, பட்டன் ஒண்ணு இல்லாதது, மண்ணு ஒட்டின முட்டி, எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. கல்லை எறியறப்ப அவன் என்ன சொன்னான்? ஏதோ சொன்னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம். எதுக்குச் சிரிச்சோம்னு இவரைக் கேட்டா, அதான் படத்துல இருக்குமேன்றார்.

போன்ல படம் எடுத்து அனுப்பற இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டதும் ஒரு அப்பாதான் தெரியுமா? 1997 ஜூன் 11. ஃபிலிப் கான்னு ஒருத்தர், மனைவிக்குப் பிரசவம் நடக்கற ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு, ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு லேப்டாப், ஒரு செல்போன் மூணையும் கோத்து, பொறந்த பொண்ணோட படத்தைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பி வச்சார். மனைவி வலியில துடிக்கறப்ப இவர் வயர் சொருகிக்கிட்டு இருந்திருக்கார். அந்தம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு என்னால ஊகிக்க முடியுது.

எங்க அப்பாகிட்ட கேமரா இருந்துச்சு. ரோலுக்கு 36 படம், லீவுக்கு ஒரு ரோல். அந்தப் படத்துல எல்லாரும் விறைப்பா நிக்கறோம், பாதிப் பேரு கண்ணை மூடியிருக்கோம், அதுல பெருமையா சொல்ல ஒண்ணுமில்ல. நான் சொல்ல வந்தது சித்தப்பாவோட டேப் ரெக்கார்டரை. ஒரு லீவு முடியப் போற ராத்திரி, 60 நிமிஷ கேசட் ஒண்ணைப் போட்டு, பதிவு பட்டனை அமுக்கிட்டு அவர் பாட்டுக்குப் போய்ப் படுத்துட்டார். ஒரு பக்கம் அரை மணி நேரம். கூடம் முழுக்கப் பாய் விரிச்சு நாங்க ஏழு பேர். யாரையும் யாரும் சிரிக்கச் சொல்லல. சுவரு ஓரம் யார் படுக்கறதுன்னு சண்டை. நடுவுல யாரோ ஒரு சொம்பை உருட்டி விடறாங்க. "பேய் வருது"ன்னு ஒருத்தன் சொல்றான், அடுத்த நொடி ஏழு பேரும் மூச்சு விடல, நாய் மட்டும் தூரத்துல குரைக்குது. அப்புறம் ஒரு சின்னக் குரல், "பேய் போயிச்சா?"ன்னு. அது நான். போயிச்சு! படம் ஒண்ணுகூட இல்ல அந்த ராத்திரிக்கு. ஆனா சொம்பு எந்தப் பக்கம் உருண்டுச்சுன்னு இப்பவும் கை நீட்டிக் காட்டுவேன்.

(அந்த கேசட் இப்ப எங்கன்னு கேக்காதீங்க. அது மேல யாரோ ஏதோ பாட்டு பதிஞ்சுட்டாங்க. இந்த வீட்டுலயும் பாட்டு, அந்த வீட்டுலயும் பாட்டு.)

வீடியோ விஷயத்துக்கு வரேன். 163-வதா ஒண்ணு. 48 வினாடி. 4கே, வினாடிக்கு 60 ஃப்ரேம், அந்த செட்டிங்கை எந்தப் புண்ணியவான் போட்டு வச்சாரோ, நிமிஷத்துக்கு 400 எம்பி முழுங்கும். இது ஒண்ணே 320 எம்பி. கொடியில காயற துண்டு நுனியில மஞ்சளா ஒண்ணு உக்காந்திருக்கு. அவன் அடி மேல அடி வச்சுக் கிட்டப் போறான். எனக்கு அடிவயிறு ஜில்லுன்னு ஆச்சு. 17-வது வினாடி, கண்ணை விரிக்கறான், என் பக்கம் திரும்பறான், அதே ரகசியக் குரல்ல, "ம்மா... டப்"

"அசையாத! அங்கயே நில்லு! இங்க பாத்துச் சிரிடா!"

நான்தான். வேற யாரு. காது கிழியற மாதிரி. பூச்சி பறந்துடுச்சு, அவன் முகம் சுருங்குது, மிச்ச அரை நிமிஷமும் துண்டும் என் கட்டைவிரலும்தான் தெரியுது. "போச்சு, போச்சு, நீ ஏண்டா அசைஞ்ச?"ன்னு அவனை வேற திட்டியிருக்கேன். கொஞ்சம் கூட வெக்கம் இல்லாம.

அந்த 17-வது வினாடியை எத்தனை தடவை தள்ளித் தள்ளிக் கேட்டேன்னு கணக்கில்ல. சத்தத்தைக் கூட்டினா என் குரலும் கூடுது. இவர் எட்டிப் பாத்து, "ஒண்ணுமே தெரியலயே, ஆடிக்கிட்டு இருக்கு, 320 எம்பி வேற, இதை முதல்ல அழி"ன்னார். கை வச்சுப் பாருங்கன்னேன். அந்தக் குரல்ல என்ன இருந்துச்சோ, எந்திரிச்சுப் போயிட்டார்.

நேத்து ராத்திரி சின்னவனை மடியில போட்டுக்கிட்டுக் கொஞ்சிப் பாத்தேன். "தங்கம், முன்னாடி சொல்லுவியே, அந்த மாதிரி ஒரு தடவை பட்டாம்பூச்சி சொல்லேன்." புதுசா ரெக்கார்டர் செயலி எல்லாம் திறந்து, போனைத் தலகாணி அடியில வச்சுட்டுத்தான் கேட்டேன். வாயையும் இறுக்கி மூடிக்கிட்டேன்.

"பட்டாம்பூச்சி."

"அப்படி இல்லடா, பழைய மாதிரி. டப்பாம்பூச்சின்னு."

என்னை ஒரு மாதிரி பாத்தான். "நான் அப்படிச் சொல்லவே இல்லயே"ன்னான்.

பெரியவளை சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவ பல்லு வெளக்கிக்கிட்டே வந்து நின்னு, கொஞ்சம் யோசிச்சு, "டப்பாவா? தப்பாம்பூச்சின்னுல்ல சொல்லுவான்?"ங்கறா. இவரைக் கேட்டா, ரெண்டும் இல்ல, "பப்பாம்பூச்சி"யாம்.