ஹெட்லி வெரிட்டி: அந்த 16 மெய்டனைப் பாருங்கள்

1930களின் இங்கிலாந்து இடக்கை ஸ்பின்னர் ஹெட்லி வெரிட்டி பேரை எடுத்தாலே 10 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தவர் என்று ஒரு வரி, இரண்டாம் உலகப்போரில் இறந்துபோனார் என்று இன்னொரு வரி. பதிவு முடிந்தது. கீழே கமெண்டில் ஒருத்தர் வந்து, "ஈரப் பிட்ச் கிடைத்தது, எடுத்தார்" என்பார். என் சண்டை அவரோடுதான்.

1932 ஜூலை, லீட்ஸ் ஹெடிங்லி மைதானம். கவுண்டி ஆட்டம். வெரிட்டியின் அணியான யார்க்ஷயருக்கு எதிரான இரண்டாவது இன்னிங்ஸில் நாட்டிங்ஹாம்ஷயர் மதிய இடைவேளையில் விக்கெட் இழக்காமல் 38. அப்புறம் 67க்கு ஆல் அவுட். வெரிட்டி 19.4 ஓவர், 16 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 10 ரன், 10 விக்கெட். கடைசி 7 விக்கெட் வெறும் 15 பந்தில். எல்லாரும் அந்தப் பத்தைப் பார்க்கிறோம். விஷயம் 16 மெய்டனில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது பிட்சை மூடிவைக்கும் வழக்கம் இல்லை. மழையில் ஊறிய பிட்சில் வெயில் அடித்தால் மேல்மண் அப்பளம் மாதிரி காயும், அடியில் ஈரம் நிற்கும். பந்து அந்த மேலோட்டை உடைத்து, கவ்விக்கொண்டு எழும்பும். சில மணி நேரம்தான் இந்த ஆட்டம். முழுக்கக் காய்ந்துவிட்டால் வித்தை போச்சு. இங்கே ஸ்பின்னர் பண்ணும் தப்பு, ஆசைப்பட்டு ஏகத்துக்கும் சுழற்றுவது. பந்து மட்டையையும் தாண்டும், ஸ்டம்பையும் தாண்டும். பார்க்க அழகு, விக்கெட் விழாது. மெதுவாகத் தூக்கிப் போட்டாலோ பேட்ஸ்மேன் பின்காலில் போய் நிதானமாக ஆடிவிடுவார். வெரிட்டி உயரமானவர். இடக்கை ஸ்பின்னருக்குக் கொஞ்சம் அதிக வேகம், அளவான திருப்பம், ஒரே இடத்தில் குத்தும் அளவு. எந்தப் பந்தையும் விட முடியாது, ஆடித்தான் ஆகணும். ஆடினாலும் ரன் வராது. அதுதான் அந்த 16 மெய்டன்.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 1934 லார்ட்ஸ் டெஸ்டையும் மழைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வார இறுதியில் மழை, திங்கட்கிழமை ஒரே நாளில் 14 விக்கெட், மொத்த ஆட்டத்தில் 104க்கு 15. உண்மைதான். ஆனால் முதல் இன்னிங்ஸில் பிராட்மேன் 36 ரன்னில் வெரிட்டியிடமே கேட்ச் கொடுத்துப் போனது சனிக்கிழமை. மழைக்கு முன்னால், நல்ல பிட்சில். ஃபாலோ ஆனை, அதாவது உடனே மறுபடி பேட் பண்ண நேர்வதைத் தவிர்க்க ஆஸ்திரேலியாவுக்கு 291 வேண்டும், 284இல் சுருண்டது. அந்த 7 ரன்னில்தான் மேட்சே போனது. டெஸ்டில் பிராட்மேனை 8 முறை அவுட்டாக்கிய ஒரே ஆளும் வெரிட்டிதான்.

நம்ம சேப்பாக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே நடந்த முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில். இங்கிலாந்துக்காக வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49க்கு 7, அடுத்ததில் 104க்கு 4. இந்தியா 202 ரன்னில் தோற்றது. அதே டெஸ்டில் 86க்கு 7 எடுத்த நம்ம அமர் சிங்கையும் மறந்துவிட்டோம், அது தனிப் பஞ்சாயத்து.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள், இங்கிலாந்தின் ஹோவ் நகரில் சசெக்ஸ் கவுண்டி அணி 33க்கு ஆல் அவுட். வெரிட்டி 6 ஓவர், 9 ரன், 7 விக்கெட். அந்த வருஷம் இங்கிலாந்தில் ஓவருக்கு 8 பந்து, ஆக 48 பந்து. அதோடு அவர் முதல்தர ஆட்டம் முடிந்தது: 1,956 விக்கெட், சராசரி 14.90.

போர் வந்ததும் ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்தவர் இல்லை. 1938-39 தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கே ராணுவப் பாடப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படித்தவர். எதிராளியைப் படித்துவிட்டு இறங்குகிற அதே புத்தி. யார்க்ஷயரின் கிரீன் ஹவார்ட்ஸ் ரெஜிமெண்டில் கேப்டன் ஆனார்.

1943 ஜூலை 19, சிசிலியில் கட்டானியா சமவெளி. முதல் பட்டாலியனின் பி கம்பெனி என்ற படைப்பிரிவை வெரிட்டி நடத்திப் போகிறார். இரவில், விளைந்த தானிய வயல் வழியாக. எதிரிக் குண்டில் பயிர் பற்றிக்கொண்டது. இருட்டில் மறைவாக இருந்த வயலே அவர்களை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. வெரிட்டிக்கு மார்பில் அடி. நிற்காமல் முன்னேறச் சொன்னார். கம்பெனி பின்வாங்க நேர்ந்தபோது அவரைத் தூக்கி வர முடியவில்லை, ஜெர்மானியர் கையில் சிக்கினார். அங்கிருந்து இத்தாலிக்குள் கொண்டுபோய், கசேர்ட்டா ராணுவ மருத்துவமனையில் நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்த விலா எலும்பின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜூலை 31 அன்று இறந்தார். வயது 38.

2,000 விக்கெட்டுக்கு 44 குறைச்சல் என்று உச்சுக்கொட்டுபவர்களுக்கு: இது ரொம்பக் குறைவான கணக்கு. யார்க்ஷயரில் அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த வில்ஃப்ரெட் ரோட்ஸ் 52 வயது வரை வீசினார்.

கல்லறை கசேர்ட்டாவில். 1954இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போன, யார்க்ஷயர்க்காரர் லென் ஹட்டன் தலைமையிலான இங்கிலாந்து அணி நேப்பிள்ஸில் இறங்கி அங்கே போய், யார்க்ஷயர் டை ஒன்றைக் கல்லில் கட்டிவிட்டு வந்தது.