கறிக்கடையில் ஒரு ராஜினாமா

(மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு தெருமுனைக் கறிக்கடை. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றரை. கூட்டம் வடிந்துவிட்டது. கொக்கியில் ஒரு தொடையும் கொஞ்சம் நெஞ்செலும்பும்தான் மிச்சம். பாய் புளியங்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எதிர்ச்சாரியில் கையில் தூக்குவாளியோடு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்கிறார் முத்தையா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.)

பாய்: முத்தையாண்ணே! ஏண்ணே, அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு?

முத்தையா: (நின்று) யாரு, பாயா! கடை திறந்திருக்கா? நான் கவனிக்கவே இல்லையே.

பாய்: இருபத்திரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை திறக்கிற கடைண்ணே. தூக்குவாளியைக் குடுங்க. வழக்கம்போல ஒரு கிலோ, தொடையில பாதி, நெஞ்செலும்புல பாதி, சுவரொட்டி ஒண்ணு. உங்களுக்குன்னு எடுத்து வச்சு எடுத்து வச்சு ஆறு வாரமா வேற ஆளுக்குப் போயிருச்சு.

முத்தையா: தூக்குவாளி பருத்திப்பால் வாங்க பாய். கறிக்கு இல்ல.

பாய்: ஞாயித்துக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பருத்திப்பாலா? (கத்தியைக் கீழே வைக்கிறார்) சரி, நேராவே கேக்குறேன். எந்தக் கடைக்கு மாறிட்டீங்க?

முத்தையா: எங்கயும் மாறல.

பாய்: பாலத்துக்கு அங்கிட்டு புதுசா ஏசி போட்டு ஒரு கடை வந்திருக்கே, அங்கயா? கண்ணாடிக்குள்ள வச்சு விப்பாங்களே. நகைக்கடை மாதிரி.

முத்தையா: பாய், நான் கறியை விட்டுட்டேன்.

(பாய் சிரிக்கிறார். முத்தையா சிரிக்கவில்லை. பாயின் சிரிப்பு பாதியில் நிற்கிறது.)

பாய்: அந்த 640 ரூபா பாக்கிக்காகவாண்ணே?

முத்தையா: எந்தப் பாக்கி?

பாய்: காணும் பொங்கலுக்கு வாங்குனீங்களே, நோட்டுல இருக்கு. அதுக்காகக் கறியையே விடுவாங்களாண்ணே? நான் கேட்டேனா? பொண்ணு கல்யாணத்துக்கு நகை வாங்குனவன்கூட இப்படித் தெரு மாறி நடக்க மாட்டான்.

முத்தையா: பாக்கியை மறந்தே போயிட்டேன் பாய், சத்தியமா. வச்சுக்கங்க. (700 ரூபாயை நீட்டுகிறார்) இது வேற விஷயம்.

பாய்: (வாங்காமல்) வேற என்ன விஷயம்? உங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். 'அவருக்குக் கடவாப்பல்லு ஆட்டம்'னாங்க. உங்க கூட ஓட்டுன டிரைவர் வந்தாரு. 'யூரிக் ஆசிட், கால் பெருவிரல் வீங்கிருச்சு'ன்னாரு. உங்க மச்சினன், 'மாமா பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருக்காரு'ன்னான். உங்க கழுத்துல மாலையைக் காணோம். கால்ல வீக்கத்தையும் காணோம், இப்பத்தான் அந்தச் சுவத்தோரமா ஓட்டமா ஓடுனீங்க.

முத்தையா: ஆளுக்கு ஒண்ணு சொன்னேன் பாய். என்ன பண்றது? மனசு கேக்கலன்னா யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. டாக்டர் சொன்னாருன்னா 'ஐயோ பாவம்'ங்குறான். சாமிக்குன்னா கும்பிடுறான். சும்மா விட்டுட்டேன்னா, 'ஏன், வீடு மாத்தப் போறியா, சைவம் மட்டும்னு போர்டு போட்ட வீடா'ங்குறான்.

பாய்: அதையும் நான் நினைச்சேன்ணே. கேக்கல.

முத்தையா: பாத்தீங்களா!

பாய்: அண்ணே, கறியை விட்டவங்களை உங்களைவிட நான் நிறையப் பாத்திருக்கேன். புரட்டாசிக்காரங்க இருக்காங்களே, ஐப்பசி ஒண்ணாந்தேதி நான் கடை திறக்குறதுக்கு முன்னாடி வந்து நிப்பாங்க. டாக்டர் சொல்லி விட்டவங்களுக்கு மூணு வாரம். அதுக்கப்புறம் 'ஈரல் மட்டும் குடுங்க பாய், அது கறி இல்லையே'ம்பாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையில விட்டவங்க சாயங்காலமே வந்துருவாங்க. நீங்க இதுல எது?

முத்தையா: எதுவும் இல்ல.

பாய்: அப்ப நோட்டுல என்னன்னு எழுதுறது? அரசாங்கம் வள்ளுவருக்காக ஒருநாள் கடையை மூடச் சொல்லுது, மாட்டுப் பொங்கலன்னைக்குப் பாத்து. மூடுறேன். தைப்பூசத்துக்கு வள்ளலாருக்காக மூடுறேன். மகாவீருக்கு ஒருநாள், காந்திக்கு ஒருநாள். முத்தையாவுக்கு எத்தனை நாள் மூடணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது.

முத்தையா: கேலி பண்ணாதீங்க. காந்தி இதே மதுரையில, மேலமாசி வீதியில, 1921ல சட்டையை விட்டாரு. அப்பவும் இப்படித்தான் கேட்டிருப்பாங்க.

பாய்: அவர் சட்டையை விட்டாரு, யாருக்கு நட்டம்?

முத்தையா: தையக்காரனுக்கு நட்டம்ல?

பாய்: (கொஞ்சம் யோசித்து) அது சரி. சரிண்ணே, விட்டீங்க. பரோட்டாவுக்கு என்ன பண்றீங்க?

(மௌனம். முத்தையா தூக்குவாளி மூடியைத் திறந்து மூடுகிறார்.)

முத்தையா: சீனி.

பாய்: என்னது?

முத்தையா: சீனி தொட்டுக்குறேன்.

பாய்: யா அல்லா! மதுரைக்காரன் பரோட்டாவுக்குச் சீனியா? வெளிய சொல்லாதீங்கண்ணே. முட்டை?

முத்தையா: முட்டையில இன்னும் முடிவு எடுக்கல. நாமக்கல்லுக்கு மட்டும் ஒரு வாய்தா குடுத்திருக்கேன்.

பாய்: அப்ப நீங்க முழுச் சைவம் இல்ல.

முத்தையா: சைவத்துலயும் நிறைய டிப்போ இருக்கு பாய். எங்க பாப்பா பெங்களூர்ல வேலைக்குப் போச்சுல்ல? மூணாவது மாசமே கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய், தேன்கூட விட்டுருச்சு. வீகனாம். தமிழ்ல நனிசைவம்னு சொல்றாங்களாம். 1944ல இங்கிலாந்துல ஒருத்தர் வச்ச பேராம் அந்த வீகன்.

பாய்: தேன் என்னண்ணே பண்ணுச்சு?

முத்தையா: அது தேனீயோட சாப்பாடாம். நம்ம எடுக்கக்கூடாதாம்.

பாய்: அப்ப அந்தப் புள்ள என்னதான் திங்குது?

முத்தையா: நானும் அதைத்தான் கேட்டேன். இட்லி, தேங்காச் சட்னி, புளியோதரை, சுண்டல், பருத்திப்பால் எல்லாமே நனிசைவம்தானாம். பருத்திக்கொட்டையை ஆட்டி எடுக்குற பாலு, அதுல மாடு எங்க வருது? நேத்து லீவுல வந்திருக்கு. காப்பிக்குத்தான் அவதி. தேங்காப்பால்ல காப்பி போட்டுக் குடிக்குது. ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். ஆப்பத்துக்கு ஊத்தவேண்டியதை எனக்கு ஊத்துன மாதிரி இருந்துச்சு.

பாய்: ஆங்! இப்பப் பிடிபட்டுச்சு. மக சொல்லி விட்டிருக்கீங்க.

முத்தையா: அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.

பாய்: நான் நம்பணும். 2003ல கோயில்ல கிடா வெட்டக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சே. 1950ல போட்ட சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தாங்க. அப்ப அந்த டீக்கடை பெஞ்சுல நின்னுக்கிட்டு, 'எங்க கருப்பனுக்குக் கிடா வெட்டாம கத்தரிக்காயா வெட்டுறது'ன்னு கத்துனது யாரு? மறுவருஷம் அந்தச் சட்டத்தையே எடுத்தப்ப ரெண்டு கிலோ வாங்கித் தெருவுக்கே விருந்து வச்சது யாரு?

முத்தையா: நான்தான். (திண்ணையில் உட்காருகிறார்) கிடாதான் பாய் காரணம்.

பாய்: எந்தக் கிடா?

முத்தையா: பாப்பாவுக்கு வேலை கிடைச்சா கிடா வெட்டுறேன்னு வீட்ல கருப்பசாமிக்கு நேர்ந்துக்கிட்டா. வேலையும் கிடைச்சுச்சு. வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு வாங்கிக் கட்டினோம். கறுப்பு, காதுல மட்டும் வெள்ளை. ஒரு வருஷம் வளத்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? காலையில அகத்திக்கீரை, சாயங்காலம் வாய்க்கா ஓரமா ஒரு நடை. அதுக்கு விசில் பழக்கினேன்.

பாய்: விசிலா?

முத்தையா: நம்ம பழைய விசில்தான். ஒரு விசில் அடிச்சா நிக்கும். ரெண்டு விசில் அடிச்சா எங்க இருந்தாலும் ஓடி வரும். எங்க டிரைவர்கள்ல பாதிப் பேரு அந்த அளவுக்கு விசிலை மதிச்சதில்ல.

பாய்: (சிரித்து) சரி.

முத்தையா: மாசி சிவராத்திரிக்கு ஊருக்குக் கொண்டுபோனோம். சொந்தக்காரங்க எழுபது பேரு. கிடா தலையில தண்ணி ஊத்துனாத் தெரியுமே, அது உடம்பைச் சிலுப்பணும். அப்பத்தான் சாமி உத்தரவு.

பாய்: தெரியும்ணே.

முத்தையா: சிலுப்பல. ஒரு சொம்பு ஊத்துனாங்க. கழுத்துல கிடந்த மாலையை மென்னுக்கிட்டு நிக்குது. ரெண்டு சொம்பு. காதைக்கூட ஆட்டல. ஒரு குடம் ஊத்துனாங்க. மணி ஒண்ணாச்சு. சோறு வடிச்சாச்சு, மசாலா அரைச்சாச்சு, பசி எல்லாருக்கும். சாமிக்கு ஏதோ குறையிருக்குன்னு ஒருத்தன், தண்ணி சூடா இருக்குன்னு ஒருத்தன். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் பாய். மாட்டேன்னு சொல்லிருச்சு, திரும்பக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு நினைக்கிறேன். அப்பத்தான் மச்சினன், 'மாமா, உங்க விசிலை ஊதுங்க, என்ன பண்ணுதுன்னு பாப்போம்'னான்.

பாய்: ஊதுனீங்களா?

முத்தையா: எழுபது பேரு பாக்குறாங்க. ரெண்டு விசில் அடிச்சேன். தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு. ஓடி வர்றதுக்கு முன்னாடி ஈரத்தை உதறும்ல, அப்படி, தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு உதறு. அவ்வளவுதான், பொம்பளைங்க குலவை போட்டாங்க. 'உத்தரவு குடுத்துருச்சு'ன்னு ஒரே சத்தம்.

(பாய் எதுவும் சொல்லவில்லை. கட்டைமேல் உட்கார வந்த ஈயை விரட்டுகிறார். இன்னொரு ஈ இல்லாதபோதும் விரட்டுகிறார்.)

முத்தையா: பந்தியில உக்காரல. பரிமாறுறேன்னு எந்திரிச்சுட்டேன். காந்தி சின்ன வயசுல ஆட்டுக்கறி தின்னுட்டு, ராத்திரி வயித்துக்குள்ள ஆடு கத்துற மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்காராம், பாப்பா சொன்னா. எனக்குத் திங்காமலேயே கத்துது பாய். விசில் சத்தமும் சேந்து கேக்குது.

பாய்: (மெதுவாக) முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

முத்தையா: கறிக்கடைக்காரர்கிட்ட வந்து இதை எப்படிச் சொல்றது?

பாய்: அதுக்குச் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் போவீங்களா? நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்குப் போறேன். நல்லா வளத்த கிடாயைக் கயித்தோட என் கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போவான் பாருங்க, அவனை எனக்குத் தெரியும். (பணத்தை வாங்கி நோட்டில் கோடு போடுகிறார்) ஒரே ஒரு சந்தேகம்ணே.

முத்தையா: கேளுங்க.

பாய்: காந்தி மாட்டுப்பால், எருமைப்பால் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணி, உடம்பு முடியாமப் படுத்தப்ப, 'ஆட்டுப்பால் அந்தச் சத்தியத்துல இல்லையே'ன்னு அவரு வீட்டம்மா சொல்லிக் குடிச்சாருல்ல?

முத்தையா: ஆமா. கடைசி வரைக்கும் அதுதான்.

பாய்: உங்க கிடா வெள்ளாடு. செம்மறி உங்க விசிலைக் கேட்டதே இல்லையே?

முத்தையா: பாய்!

பாய்: சும்மா கேட்டேன்ணே. வியாபாரி வாய்.

முத்தையா: ஒண்ணு சொல்லட்டுமா? கறியை விட்டதுல நாக்கே சுத்தமாயிருச்சு. இப்ப வீட்ல மிளகு ரசம் வைக்கிறா பாருங்க, முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி ஒரு ரசம் குடிச்சதில்ல. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு தம்ளர் குடிச்சிட்டுப் படுத்தா, முட்டிவலிகூட இல்ல. பாப்பாவுக்கும் ஒரு தம்ளர் குடுன்னா, 'அவளுக்கு ஒத்துக்காது'ன்னு தர மாட்டேங்குறா.

பாய்: பாத்தீங்களா, நல்லதுதான். (கல்லாவைத் துழாவி) 60 ரூபா மீதி தரணும், சில்லறை இல்லையே. நல்லி எலும்பாப் போட்டுத் தரவா?

முத்தையா: இவ்வளவு நேரம் என்ன கதையா கேட்டீங்க?

பாய்: உங்களுக்கு இல்லண்ணே, உங்க வீட்டு நாய்க்கு.

முத்தையா: எங்க வீட்ல ஏது நாய்?

பாய்: வீட்டம்மா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து அரைக்கிலோ நல்லி வாங்கிட்டுப் போறாங்களே, நாய்க்குன்னு.

(முத்தையா தூக்குவாளியைத் திண்ணையில் வைக்கிறார்.)

முத்தையா: அரைக்கிலோவா?

பாய்: ஆமாண்ணே. அதுக்குக் கடவாப்பல்லு ஆட்டமாம், துணுக்கு விழாமப் பெருசாவே வெட்டிக் குடுங்கன்னாங்க.

(முத்தையாவின் கை மெல்ல வலது கன்னத்துக்குப் போகிறது.)