பட்டனுக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லிக் கொடுங்கள்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து புராஜெக்ட்டுக்காக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "நீ எழுதின புரோகிராம் சிப்புக்குள்ள எப்படிப் போகுது?" என்பதைத்தான். "அப்லோடு பட்டனை அழுத்தினா போயிடுங்கண்ணா" என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். லேபில் காட்டியது அவ்வளவுதான்.

அட்மெகா 328பி சிப் உள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய போர்டுக்கு, அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஓடுவது ஏவிஆர்-ஜிசிசி. 1987-இல் வெளிவந்த அதே ஜிசிசி கம்பைலரின் (நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும் கோடாக மாற்றும் மென்பொருள்) ஒரு கிளை. லேப்டாப்பில் ஓடிக்கொண்டே, லேப்டாப்பில் ஓடாத புரோகிராமைத் தயாரிக்கும் கிராஸ் கம்பைலர். அது ஆப்ஜெக்ட் ஃபைல்களை, அதாவது துண்டு துண்டான மெஷின் கோடை, உண்டாக்கும். லிங்கர் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும். ஆப்ஜ்காப்பி அதைச் சிப்பில் எழுதத் தோதான ஹெக்ஸ் ஃபைலாக மாற்றும். ஏவிஆர்டியூட் அதைச் சிப்பில் எழுதும். இந்தக் கமாண்டுகள் எல்லாவற்றையும் டெர்மினலில் (கமாண்டுகளை டைப் செய்யும் திரை) நாமே டைப் செய்யலாம். எந்தச் சிப் என்று எம்எம்சியு ஆப்ஷனில் சொல்ல வேண்டும், அளவு சிறியதாக வேண்டுமென்றால் ஓஎஸ் ஆப்ஷன். ஒரு மதியம் போதும், கை பழகிவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு, டிரையரின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவியை ஒரு தம்பி செய்தான். கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் தானாக ரீசெட் ஆகும். சென்சாரை மாற்றினான், பவர் சப்ளையை மாற்றினான், சரியாகவில்லை. டெர்மினலைத் திறந்து ஏவிஆர்-என்எம் கமாண்டை சைஸ்-சார்ட் ஆப்ஷனோடு ஓட்டச் சொன்னேன். புரோகிராமில் உள்ள மாறிகளையும் ஃபங்ஷன்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை அது பட்டியலிடும். பட்டியலின் கடைசி வரியில் உட்கார்ந்திருந்தது 300 ஃப்ளோட் (தசம எண்) கொண்ட ஒரு அரே, அதாவது எண்களின் வரிசை. ஒன்றுக்கு 4 பைட், ஆக 1200 பைட். அட்மெகா 328பி-யில் மொத்த ரேமே 2048 பைட்தான்! மற்ற மாறிகளும் சேர்ந்தபின், ஃபங்ஷன்கள் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டாக்குக்கு இடமில்லை. அந்த ஸ்டாக் ரேமின் மேல் முனையிலிருந்து இறங்கி வந்து மாறிகளின் மேலேயே எழுதியிருக்கிறது. வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 2 பைட் இன்ட்டில் (முழு எண்) வைத்தான். 600 பைட் மிச்சம், ரீசெட்டும் நின்றது.

அப்லோடு பட்டன் இருக்கும் மென்பொருளான ஐடிஇ-யும் மொத்த ரேம் கணக்கை ஒரு வரியில் காட்டும். ஆனால் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று அது சொல்லாது.

இன்னொன்று, மேக்ஃபைல், அதாவது புரோகிராமைத் தயாரிக்கும் கமாண்டுகளை எழுதி வைக்கும் ஃபைல். எந்தக் கம்பைலர், எந்த ஆப்ஷன் என்று அதில் எழுதி வைத்தால், சில வருடம் கழித்து ஆலையில் இருந்து போர்டு திரும்பி வந்தாலும் அதே ஹெக்ஸை மறுபடி எடுக்க வழி இருக்கும்.

ஐடிஇ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: முதல் இரண்டு லேப் வகுப்புகளை டெர்மினலில் நடத்துங்கள். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமுக்குக் கீழே ஏவிஆர்-சைஸ் கமாண்ட் காட்டும் டெக்ஸ்ட் (கோடு), டேட்டா (தொடக்க மதிப்பு உள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள்) எண்களையும் எழுதச் சொல்லுங்கள். வைவாவில் அந்த எண்களைப் பற்றிக் கேளுங்கள்.