நன்னிலத்து பாலசந்தர்

கே. பாலசந்தரை நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் திரைப்பட இயக்குநர் என்று அவரைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று சுருக்கிவிட்டதை, அவர் பிறந்த நன்னிலம் வட்டாரத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. தம் மேடை நாடகத்தையே 'நீர்க்குமிழி' (1965) என்று படமாக்கி இயக்குநரானவர், கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) படத்தில், குடிநீருக்காக அதிகாரிகளிடம் மன்றாடிச் சலித்து, தாங்களே கால்வாய் வெட்டத் துணியும் வறண்ட கிராமத்து மக்களைக் காட்டினார்; ஆற்றுப் பாசன ஊரில் பிறந்தவர் அந்தத் தாகத்தை இவ்வளவு கூர்மையாக உணர்ந்தது எனக்கு இன்றும் வியப்பே. அதே ஆண்டில், தாம் தெலுங்கில் எடுத்த 'மரோ சரித்ரா'வை 'ஏக் துஜே கே லியே' என இந்தியில் இயக்கி வடநாட்டிலும் வெற்றி கண்டார். அவருடைய வசனங்கள் சில இடங்களில் மேடையை விட்டு இறங்க மறுக்கும் என்பது உண்மைதான். எனினும், கர்நாடக இசைக் கச்சேரியில் தமிழ்ப் பாடல்களுக்குரிய இடம் எது என்ற வினாவை 'சிந்து பைரவி' (1985) வழியாக வெகுமக்களிடம் கொண்டு சென்றதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்க வேண்டும்.