எங்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம்

வடசென்னையில் எங்கள் எர்ணாவூர் கடற்கரையைச் சுத்தம் செய்ய வெளியிலிருந்து வந்த ஒரு தம்பி போட்ட காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், "இந்தப் பகுதி மக்களுக்கு இயற்கையைப் பற்றிய விழிப்புணர்வே கிடையாது" என்று அந்தத் தம்பி மைக்கைப் பிடித்துச் சொன்ன இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்த எங்கள் பெண்களைப் படம்பிடித்துக் காட்டிக்கொண்டே சொல்கிறார். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசினாரா?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இதே கரையில் பாறை இடுக்குகளில் தாராகத் திரண்டு கிடந்ததை வாளி வாளியாக அள்ளினோம். வெளியிலிருந்து வந்த மாணவர்களும் அள்ளினார்கள். அந்த நன்றி எங்களுக்கு இன்றும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து மறுபடியும் எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. அலையாத்தி மரங்களும் கூழைக்கடாக்களின் சிறகும் கறுத்தன. மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் மக்கிலும் வாளியிலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை; மேலே அடித்த சுண்ணாம்பையும் மீறித் தெரிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

இவர்களுக்கா விழிப்புணர்வு இல்லை?

என் பெரியம்மா மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். எண்ணெய் வந்த அந்த மாதம் சந்தையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா மடவையை எடுத்தார், செவுளைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார். "எண்ணூர் மீனா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டுப் போனார். பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆற்றில் இறால் எங்கே நிற்கும், நண்டு எந்தப் பருவத்தில் ஏறும், காக்கா ஆழி என்கிற அயல் சிப்பி வந்து படிந்த பிறகு எந்தத் துறையில் கால் வைக்க முடியாது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு எந்த விழிப்புணர்வை ஊட்டப் போகிறீர்கள்?

"நீங்களும்தானே பிளாஸ்டிக் பையைக் கால்வாயில் போடுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். போடுகிறோம். போடக்கூடாது. தெருவில் ஒழுங்காகக் குப்பை வண்டி வந்தால் பாதி குறையும். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. அந்தப் பையை, ஆற்றில் கொட்டிய எண்ணெயோடு ஒரே தராசில் வைக்காதீர்கள்.

"தொழிற்சாலை வேண்டாமென்றால் மின்சாரத்துக்கு எங்கே போவது?" இதுதான் எனக்கு வலிக்கும் கேள்வி. தொழிற்சாலையே வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒப்பந்தக் கூலிக்குப் போகிறார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்தால் உடனே அடையுங்கள், சாம்பலை ஆற்றில் விடாதீர்கள் என்கிறோம். சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டது; ஆள் ஆழம் இருந்த இடத்தில் இன்று படகு தரை தட்டுகிறது. அந்த மின்சாரத்தில் ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. சாம்பல் மட்டும் ஏன் எங்கள் பங்கு? குப்பையும் அப்படித்தான். மாநகராட்சியின் பல மண்டலங்களின் குப்பை எங்கள் பக்கத்துக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு வருகிறது. போதாதென்று அங்கே குப்பையை எரிக்கும் எரிஉலையும் வைக்கப் போகிறோம் என்றபோது, 2025இல் குடியிருப்போர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அதைப் படம்பிடிக்க நீங்கள் வந்தீர்களா?

இயற்கையைக் காப்பது குடிமக்களின் கடமை என்று அந்தத் தம்பி அரசமைப்புச் சட்டத்தையும் எடுத்துக் காட்டுகிறார். சரிதான். 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்த 51ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அது இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் எழுதியது. எர்ணாவூருக்கும் காட்டுக்குப்பத்துக்கும் மட்டும் எழுதியதில்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கும் அதே கடமைதான்.

கையுறை போட்டுக் கரையைக் கூட்டுவதைக் குறை சொல்லவில்லை. கூட்டுங்கள். அதோடு கிளம்பிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். பெரிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வந்தால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரும்பாலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 30 நாளுக்கு முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். எங்கள் ஆட்கள் அன்றைய தொழிலை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறார்கள். பேசுகிறவர்கள் மீனவர்கள் மட்டும்தான் என்றால், "உள்ளூர்ப் பிரச்சினை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். வர முடியாதவர்கள் எழுத்துமூலமாகவும் ஆட்சேபம் அனுப்பலாம். அடுத்த அறிவிப்பு வந்ததும் இங்கே போடுகிறேன். அண்ணாநகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள்.