சோலார் அவருக்கு, குப்பைத் தொட்டி எனக்கு

எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது. பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்ததும் என் கணவர் இயற்கைக் காவலராகிவிட்டார். காபிக்கு முன்பே கைபேசியில் நேற்றைய யூனிட் கணக்கைப் பார்த்தாக வேண்டும். எந்த விருந்தாளி வந்தாலும் மாடிக்கு ஒரு நடை கட்டாயம்.

அதே மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான் உரம் போடும் வாளி இருக்கிறது. அதை யாருக்கும் அவர் காட்டியதில்லை. காய்கறித் தோலைக் கொட்டி, தென்னை நார்த்தூள் தூவி, மூன்று நாளைக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். ஈரம் கூடினால் வெள்ளைப் புழு நெளியும். "ஏதோ வாடை வருகிறதே" என்பதுதான் இதில் அவருடைய பங்களிப்பு. பேனலில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும் என்று படித்துச் சொன்னவர் அவர். விடியற்காலையில் தண்ணீர் விட்டுத் துடைப்பவள் நான்.

பெண்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை அதிகம், ஆண்களுக்குப் புதிய கருவிகளில் ஆர்வம் அதிகம் என்று பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு முறை மாட்டிவிட்டால் பில்லைக் குறைக்கிற பொருள் மீது யாருக்குத்தான் ஆர்வம் வராது? தினமும் கை நனைய வேண்டிய வேலையெல்லாம் பெண்ணிடம் வந்து சேர்கிறது. பிறகு அதையே அவளுடைய சுபாவம் என்கிறார்கள்.

2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், துணிப்பையோடு கடைக்குப் போகிறவரைப் பெண்மை மிகுந்தவராக மற்றவர்கள் எண்ணினார்களாம், அவர் ஆணாக இருந்தாலும்கூட. சிரித்துவிட்டேன். என் அப்பா காலத்தில் மஞ்சப்பை ஆண்களின் அக்குளில்தான் இருந்தது. பட்டா, சிட்டா, வெற்றிலை எல்லாம் அதற்குள்தான். பட்டிக்காட்டான் என்ற கேலிக்குப் பயந்துதான் அதைக் கைவிட்டார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அது என் கைக்கு மட்டும்தான் மீண்டது. அவர் மின்சார ஸ்கூட்டரில் சந்தைக்குப் போய், 2019இலேயே தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையில் கத்தரிக்காயோடு திரும்புகிறார். கேட்டால், மறந்துவிட்டாராம்.

போன வாரம் முதல்முறையாக என் வாளியைப் பற்றிப் பேசினார். மின்சாரத்தில் தானே கிளறி உரமாக்கும் இயந்திரம் வந்திருக்கிறதாம், கைபேசியில் செயலியும் உண்டாம், வாங்கலாமா என்றார். தாராளமாக வாங்கலாம், அதை யார் கழுவுவது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.